வலுவூட்டியும் தண்டிப்பானும்: பிறவியிலேயே வந்தது எது, பழகி வந்தது எது?

தேயிலைத்தூறல் (கோத்தகிரி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சிறப்புக் கல்வியில் பட்டயப் படிப்பு படித்துக்கொண்டே, கோத்தகிரிக்கு அருகில் ஒரு சிறிய பயிற்சி மையத்தில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். ஒரு செயலைத் தொடர்ந்து வந்து, அந்தச் செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டுவது வலுவூட்டி என்றும், குறைப்பது தண்டிப்பான் என்றும் நடத்தைப் பகுப்பாய்வுப் பாடத்தில் படித்தேன். இதுவரை தெளிவு. அடுத்த பக்கத்தில் இவ்விரண்டையும் 'கற்காதவை', 'கற்றவை' என்று மேலும் பிரித்திருக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ("கற்காத வலுவூட்டி என்றால் படிக்காதவர்களுக்கு உரியதா?" என்று வகுப்புத் தோழி கேட்டாள். சிரித்துவிட்டேன், ஆனால் எனக்கும் பாதி அப்படித்தான் ஒலித்தது.)

உணவு, தண்ணீர், கதகதப்பு ஆகியவை கற்காதவை. பாராட்டு, பணம், மதிப்பெண் ஆகியவை கற்றவை என்று எழுதினால் தேர்வில் தேறிவிடலாம். எங்கள் மையத்தில் இருக்கும் எட்டு வயதுச் சிறுவனிடம் இந்தப் பட்டியல் செல்லுபடியாகவில்லை. அவனுக்குப் பேச்சு மிகக் குறைவு, ஓரிரு சொற்கள்தான். ஐந்து மணிகளைக் கம்பியில் கோத்து முடித்தால் ஒரு நட்சத்திர ஒட்டி, மூன்று நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு வர்க்கி என்று ஏற்பாடு செய்தோம். மொறுமொறுவென்றிருக்கும் ஊட்டி வர்க்கி என்றால் அவனுக்கு உயிர். ஆனாலும் மூன்று வாரமாகியும் மணி கோப்பது கூடவே இல்லை. சுவரில் தொங்கும் அட்டையிலிருந்து நட்சத்திரத்தை நகத்தால் மெதுவாக உரித்தெடுத்து, பெஞ்சுக் காலில் ஒட்டிவிட்டு, குமுட்டி அடுப்பின் பக்கம் போய்க் கைகளை நீட்டிக்கொண்டு நின்றுவிடுகிறான். (இந்த மார்கழிக் குளிரில் காலை பதினொரு மணிவரை அதில் கரி போட்டு, கதவைத் திறந்து, சுற்றிலும் கம்பித் தடுப்பு வைத்திருப்போம்.)

இன்னொன்றும் இருக்கிறது. பென்சில் டப்பாவைத் தரையில் வீசுவது அவனுடைய வழக்கம். வீசியவுடன் நான் "கூடாது!" என்று குரலை உயர்த்திச் சொல்லி, அருகில் போய், அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு பென்சிலாக எடுக்க வைக்கிறேன். கற்ற தண்டிப்பானுக்கு எடுத்துக்காட்டாக எங்கள் பாடக்குறிப்பில் கொடுத்திருப்பதே 'கூடாது' என்ற சொல்தான். அவனோ அதைக் கேட்டுச் சிரிக்கிறான். தொடக்கத்தில் நாளுக்கு இரண்டு முறை வீசியவன் இப்போது ஏழெட்டு முறை வீசுகிறான்.

ஒரு பொருள் கற்றதா, கற்காததா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? எங்கள் நட்சத்திரம் ஏன் 'கற்ற' வலுவூட்டி ஆகவில்லை? வகுப்பறையில் நிற்பவருக்கு இந்தப் பிரிவினையால் என்ன பயன்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய கரும்பலகை (கொடைக்கானல்) எழுதியது:

வணக்கம் அம்மா. ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இதே பாடத்தை நெடுங்காலம் நடத்தியவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் தோழியின் கேள்வி வேடிக்கையானது அல்ல. தமிழில் அந்தப் பெயரடை இடம் மாறி உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். கற்றதும் கற்காததும் பொருளும் அல்ல, பிள்ளையும் அல்ல. ஒரு தூண்டலுக்கு இந்த உயிரின் நடத்தைமேல் இருக்கும் பிடி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அச்சொற்கள் குறிக்கின்றன. முன் அனுபவம் எதுவும் இல்லாமலேயே, அந்த இனம் வாழ்ந்து வந்த வரலாற்றின் விளைவாக, பிறக்கும்போதே இருக்கும் பிடி கற்காதது. பசித்த சிசுவுக்குப் பால், குளிரில் நடுங்குபவருக்கு வெப்பம், தாகத்துக்குத் தண்ணீர் ஆகியவை அவ்வகை வலுவூட்டிகள்; வலி, கடுங்குளிர், கடுஞ்சூடு, காதைப் பிளக்கும் ஓசை ஆகியவை அவ்வகைத் தண்டிப்பான்கள். முதலில் எந்தப் பிடியும் இல்லாதிருந்து, ஏற்கெனவே பிடியுள்ள ஒன்றோடு மீண்டும் மீண்டும் சேர்ந்து வந்ததால் வலிமை பெற்றது கற்றது. வகுப்பில் நான் 'பிறவி வலுவூட்டி', 'ஈட்டிய வலுவூட்டி' என்று சொல்வதுண்டு. பாடநூல் சொற்கள் அல்ல. ஆனால் கேட்டவுடன் புரிந்துகொண்டார்கள்.

சேர்த்துக் கொடுப்பது, எடுத்துவிடுவது என்ற நேர், எதிர்ப் பிரிவினையை இதனோடு கலந்துவிட வேண்டாம். அது முற்றிலும் வேறு கேள்வி.

இந்த ஈட்டல் எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட நடத்தை உளவியலாளர் ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூலில் எளிய சோதனை ஒன்று உண்டு. உணவுக் கருவி இயங்கும்போது எழும் 'டக்' ஓசையைத் தொடர்ந்து உணவு விழும் என்று எலி முதலில் பழகுகிறது. அதன் பிறகு எலி நெம்புகோலை அழுத்தினால் ஓசை மட்டும் வரும், உணவு வராது. ஆனாலும் அந்த வெறும் ஓசைக்காகவே எலி நெம்புகோலை அழுத்தக் கற்றுக்கொள்கிறது. ஆனால் இது நெடுநாள் நீடிப்பதில்லை. ஓசைக்குப் பின் உணவே வராமல் போகப்போக ஓசையின் பிடி தளர்ந்துவிடுகிறது. 1936-இல் வுல்ஃப் என்பவர் சிம்பன்சிகளுக்கு வில்லைகளைக் கொடுத்து, அவற்றைக் கருவியில் போட்டால் திராட்சை வரும்படி செய்தார். சிம்பன்சிகள் அந்த வில்லைகளைப் பெறுவதற்காகவே உழைத்தன. எதையும் பெற்றுத் தராத வில்லைகளை அவை பொருட்படுத்தவில்லை. உங்கள் நட்சத்திரத்தின் முன்னோர் அந்த வில்லைகள்தாம்.

ஆகவே உங்களிடம் மூன்று செய்திகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. நட்சத்திரம் கையில் வந்த எவ்வளவு நேரத்துக்குள் வர்க்கி வந்தது? நொடிகளில் வந்திருந்தால்தான் இரண்டும் இணையும். அரை மணி கழித்து வந்தால் இடையில் நடந்த வேறு ஏதோ ஒன்றோடுதான் அது இணைந்திருக்கும். அடுத்து, நட்சத்திரம் இல்லாமலும் அவனுக்கு வர்க்கி கிடைத்ததா? கிடைத்திருந்தால் நட்சத்திரம் அவனுக்கு எதையும் முன்னறிவிக்கவில்லை. முன்னறிவிக்காத பொருளுக்கு வலிமை ஏறுவது கடினம். மூன்றாவது, அவன் வகுப்புக்கு வரும்போது வயிறு நிறைந்திருந்ததா? கற்காத வலுவூட்டி என்பதால் எப்போதும் வேலை செய்யும் என்று பொருளில்லை. சற்று முன் தின்றவனுக்கு வர்க்கி பெரிதாகத் தோன்றாது. காலை ஒன்பது மணிக்குக் கைகளை இழுக்கும் கணப்பு, வெயில் ஏறிய பகல் ஒரு மணிக்கு வெறும் புகையாகிவிடும். வேண்டுகையைக் கூட்டியும் குறைத்தும் விடுகிற இந்த நிலைமைகளைப் பற்றி நடத்தைப் பகுப்பாய்வாளர் ஜாக் மைக்கேல் 1982-இல் விரித்து எழுதினார்.

பிரிவினையால் என்ன பயன் என்று கேட்டீர்களே, விடை இதில்தான் இருக்கிறது: ஒன்று வேலை செய்யாமல் போகும்போது எங்கே போய்ப் பார்ப்பது என்பதை அது சொல்லிவிடுகிறது. கற்காத ஒன்று படுத்துவிட்டால் முதலில் பிள்ளையின் அன்றைய உடல்நிலையைப் பாருங்கள்: பசித்திருக்கிறானா, குளிர்கிறதா, தூங்கினானா. கற்ற ஒன்று படுத்துவிட்டால் அது எதனோடு சேர்ந்து வலிமை பெற்றதோ, அந்தச் சேர்க்கை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் 'கூடாது'. சொல்பவர் கண்டிக்கத்தான் சொல்கிறார் என்பதற்காக அது தண்டிப்பான் ஆகிவிடாது. வீசுவது இரண்டிலிருந்து எட்டாகக் கூடியிருக்கிறது என்று எழுதியவரே நீங்கள்தான். எனவே இந்தப் பிள்ளைக்கு, இந்த அறையில், உங்கள் 'கூடாது' ஒரு வலுவூட்டி. அதன் பின்னால் என்ன வருகிறது? ஆசிரியை எழுந்து வருகிறார், குனிகிறார், கையைப் பற்றுகிறார், இருவரும் சேர்ந்து பென்சில் பொறுக்குகிறார்கள். நாள் முழுவதும் மணி கோத்தாலும் இவ்வளவு நெருக்கம் அவனுக்குக் கிடைப்பதில்லை என்று ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அடுக்களைக் காவலன் (குன்னூர்) எழுதியது:

நான் உளவியல் படித்தவன் அல்லன். ஆனால் பெரியவர் எழுதியதைப் படித்தபோது எங்கள் சமையலறைச் சன்னல்தான் நினைவுக்கு வந்தது. சன்னலுக்கு நேர் எதிரே சில்வர் ஓக் மரம் ஒன்று நிற்கிறது. அதில் ஒரு நாட்டுக்குரங்குக் கூட்டம் குடியிருக்கிறது என்றே சொல்லலாம். பக்கத்து வீட்டார் அவற்றை விரட்டப் பட்டாசு வெடித்தார்கள். முதல் நாள் கூட்டம் முழுவதும் பள்ளத்தாக்கை நோக்கி ஓடியது. பத்து நாள் கழித்து அதே வெடிக்கு அவை மரத்தின் பாதி உயரம் வரை ஏறி, திரும்பிப் பார்த்து, புகை கலைவதற்குள் இறங்கி வந்துவிட்டன. பெரிய ஓசை பிறவித் தண்டிப்பான் என்றால், இது எப்படி நடந்தது?

என் தந்தையார் உண்டிவில் வைத்திருந்தார். உண்மையாகவே சிறு கல்லை மரத்தண்டில் படும்படி அடிப்பார். (அதை இன்று நான் நியாயப்படுத்தவில்லை.) பிறகு உண்டிவில்லே தேவைப்படவில்லை, அவர் வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்கினாலே கூட்டம் கலைந்துவிடும். அதே கையை நான் தூக்கினால் அவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ரொட்டியைத் தின்னும். ஒருமுறை அவருடைய அரக்கு நிறக் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். (மனிதன் அணிந்தாலும் அதற்குப் பெயர் குரங்குக் குல்லாதான்.) இரண்டு நாள் அந்த வேடம் பலித்தது. மூன்றாம் நாள் ஒரு கிழட்டுக் கடுவன் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, நிதானமாகச் சன்னல் கம்பியைப் பிடித்தது. அதோடு சரி.

இதே குரங்குகளுக்கு நெகிழிப் பையின் சரசரப்பு கேட்டால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடும். இந்தச் சரசரப்பைக் கற்ற வலுவூட்டி என்று சொல்லலாமா?

பச்சை இலை (கூடலூர்) எழுதியது:

பணத்தை ஏன் எல்லாரும் தனி வகையாகச் சொல்கிறார்கள் என்பதற்கு நீலகிரியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022-இல் இந்த மாவட்டத்து அரசு மதுக்கடைகளில் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, வெற்றுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டோரம் உடைந்து கிடக்கும் கண்ணாடி விலங்குகளின் கால்களைக் கிழிக்கிறது என்பதால் வந்த ஏற்பாடு அது. அதுவரை சாலையோரத்தில் கிடந்த பாட்டிலை நாங்கள் யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதன்பின் எங்கள் லைனில் (தேயிலைத் தோட்டக் குடியிருப்பு வரிசையில்) இருக்கும் ஒரு பாட்டி, இலை எடை போட்டுவிட்டு வரும் வழியெல்லாம் புதருக்குள் பார்த்துக்கொண்டே நடப்பார். பாட்டிலை அவர் தின்னப் போவதில்லை. 10 ரூபாய் நாணயத்தையும் தின்னப் போவதில்லை. ஆனால் அந்தப் பத்து ரூபாய் தேநீராகவும், வெற்றிலையாகவும், பேரனுக்கு மிட்டாயாகவும் ஆகும். பசி இல்லாத நேரத்திலும் பணம் வேலை செய்வது இதனால்தான் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். தோட்டத்தில் குறித்த அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு என்றால் கடைசி அரை மணி நேரத்தில் கைகள் வேகமெடுப்பதும் இதே கணக்குதான்.

தண்டிப்பான் பக்கம் எனக்கு ஓர் ஐயம். சிறுவயதில் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்குப் பேருந்தில் போனபோது, கிளம்புவதற்கு முன் பூரி தின்றேன். 36 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவில் வாந்தி எடுத்தேன் என்று எண்ணவில்லை. இன்றைக்கும் பூரி மசாலா வாசனை வந்தால் எழுந்து போய்விடுவேன். பலமுறை சேர்ந்து வந்தால்தான் கற்றல் நடக்கும் என்றால், எனக்கு ஒரே முறையில் எப்படி நடந்தது? அதுவும் வாந்தி வந்தது தின்று வெகுநேரம் கழித்து. பேருந்தின் மேல் வராத வெறுப்பு பூரியின் மேல் வந்தது ஏன்?

பழைய கரும்பலகை (கொடைக்கானல்) எழுதியது:

குன்னூர் நண்பருக்கு முதலில். பட்டாசு ஓசைக்கு அஞ்சுவது பிறவியில் வந்ததுதான். ஆனால் ஓசை மட்டும் திரும்பத் திரும்ப வந்து, அதன்பின் எதுவுமே நேராவிட்டால் அந்த அதிர்ச்சி தேய்ந்துவிடும். உங்கள் தந்தையாரின் கை, கல்லோடு சேர்ந்து வந்ததால் வலிமை பெற்றது. உங்கள் கையோடு கல் ஒருபோதும் வரவில்லை. குரங்குகள் கையை மட்டும் கற்கவில்லை. யாருடைய கை என்பதையும் சேர்த்தே கற்றன. குல்லா இரண்டு நாள் தாங்கியதும் அதனால்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் தந்தையார் கையைத் தூக்கினார், குரங்குகள் ஓடின என்பதால் மட்டும் அது தண்டிப்பான் என்று எழுதிவிட முடியாது. ஓடுவது அப்போதைக்குத் தப்பித்தல். சன்னலுக்கு வருவது அடுத்த வாரங்களில் குறைந்ததா என்பதுதான் கேள்வி. குறையவில்லை என்றால் அங்கே தண்டித்தல் நடக்கவே இல்லை. நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் இந்த மயக்கம் ஏராளம். அதட்டினால் பிள்ளை அந்த நொடியில் நிறுத்திவிடுகிறான்; அதட்டியவருக்கு உடனே அமைதி கிடைக்கிறது. அந்த அமைதி அதட்டுவதற்கு வலுவூட்டியாகிவிடுகிறது. பிள்ளையின் செயல் குறையாமலேயே அதட்டல் மட்டும் நாளுக்கு நாள் வளர்கிறது.

நெகிழிப் பையைப் பொறுத்தவரை, சரசரப்பைக் கேட்டு வருவது, அது 'இப்போது வந்தால் கிடைக்கும்' என்ற குறிப்பாக இருப்பதைத்தான் காட்டுகிறது. அதே ஓசை வலுவூட்டியும்தானா என்று அறிய வேண்டுமானால், அந்த ஓசையை வரவழைப்பதற்காகக் குரங்கு ஏதேனும் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே தூண்டல் முன்னால் நின்று குறிப்பாகவும், பின்னால் நின்று வலுவூட்டியாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டும் வெவ்வேறு பணிகள்.

கூடலூர் நண்பரின் பூரிக்கு விடை 1966-இல் கார்சியாவும் கோயெல்லிங்கும் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் இருக்கிறது. குடிக்கும் நீரோடு சுவை, ஒளி, ஓசை மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு உடல் நலம் கெட்ட எலிகள் அந்தச் சுவையை ஒதுக்கின. மின்னதிர்ச்சி பெற்றவை ஒளியும் ஓசையும் சேர்ந்த நீரை ஒதுக்கின. எதையும் எதனோடும் ஒரேபோல் இணைத்துவிட முடியாது. குமட்டலுக்குச் சுவையோடும் வாசனையோடும்தான் நெருங்கிய உறவு. அந்த உறவில் ஒரே முறை போதும். நடுவே மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் கேடில்லை. பேருந்து தப்பித்தது, பூரி மாட்டிக்கொண்டது.

பாட்டில் எடுத்துக்காட்டு மிக நன்று. பலவற்றோடு மாற்றிக்கொள்ளத்தக்கதாக இருப்பதால், ஏதாவது ஒரு குறையை மட்டும் நம்பி நிற்காத இந்த வகையைப் பொதுமைப்பட்ட வலுவூட்டி என்பார்கள். ஆனால் கோத்தகிரி ஆசிரியைக்காக ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டிக்கு யாரும் பாட்டிலையும் பத்து ரூபாயையும் பலமுறை சேர்த்துக் காட்டிப் பழக்கவில்லை. யாரோ சொன்னார்கள், அவர் புரிந்துகொண்டார். மொழி உள்ளவர்களுக்குச் சொல்லே அந்த இணைப்பைச் செய்துவிடும். உங்கள் சிறுவனுக்கு "மூன்று நட்சத்திரம் சேர்ந்தால் வர்க்கி" என்பது வெறும் ஓசை. அவனுக்கு ஸ்கின்னரின் எலிக்குச் செய்ததைப் போலத்தான் செய்ய வேண்டும்: ஒரு நட்சத்திரம், உடனே அதற்குரிய பொருள், மீண்டும் ஒரு நட்சத்திரம், உடனே பொருள். மூன்று சேர்ப்பதெல்லாம் பிறகு. இப்படி ஒப்பிடுவதில் பிள்ளைக்குக் குறைவில்லை. நாம் எல்லாரும் மொழி வருவதற்கு முன் அப்படிக் கற்றவர்கள்தாம்.

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. இளம் ஆசிரியராக இருந்தபோது, நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களுக்கு அதே பாடத்தை நூறு முறை எழுதும் தண்டனை உண்டு, நானும் கொடுத்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி இரட்டைக் கோட்டுக் குறிப்பேட்டை மேசைமேல் வைத்தாலே உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள். விரல் நோவோடும் அவமானத்தோடும் சேர்ந்து சேர்ந்து, எழுதும் ஏடே அவளுக்குக் கற்ற தண்டிப்பான் ஆகிவிட்டிருந்தது. தமிழ் எழுதப் பழக்க வேண்டிய நான், எழுதுவதைக் கண்டு ஒதுங்கப் பழக்கியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இரண்டாண்டுகள் ஆயின. உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை; அந்த நூறு முறை எழுத்தை அன்று யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

தேயிலைத்தூறல் (கோத்தகிரி) எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் விடை எனக்கு எதிராகவே இருக்கிறது. பத்தரை மணித் தேநீரோடு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆயா வர்க்கி கொடுக்கிறார், அவனுக்கும் கொடுக்கிறார். நட்சத்திரத்தை நான் வகுப்பு முடிவில்தான் அட்டையில் ஒட்டுகிறேன். அதற்குரிய வர்க்கி, அடுத்த நாள் தேநீரோடு, ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போகிறது. அவன் பார்வையில் வர்க்கிக்கும் மணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

'கூடாது' பற்றி நீங்கள் ஊகித்ததும் சரி. இரண்டு நாள் குறித்துப் பார்த்தேன்: மணி கோக்கும்போது ஒருமுறைகூட நான் அவன் அருகில் போய் உட்காரவில்லை. இருவர் வேலையை ஒருத்தி பார்ப்பதால், அமைதியாக இருப்பவன் பக்கம் போக நேரம் வாய்ப்பதில்லை.

இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. கையைப் பிடிப்பது அவனுக்குக் கற்ற வலுவூட்டியா, கற்காததா? கணப்பின் அருகே போவதற்கும் மணி கோக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் வேகமாகப் பயன் கிடைக்கும் என்று உடன் பணியாற்றும் ஒருவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பழைய கரும்பலகை (கொடைக்கானல்) எழுதியது:

மனம் ஒப்பாதது சரிதான், ஒப்பவும் வேண்டாம். வேகமாகப் பயன் கிடைக்கும் என்பது உண்மையே. கற்காத வலுவூட்டிகளின் வலிமை அது. ஆனால் குளிரையும் பசியையும் பிள்ளைமேல் நிறுத்திவைத்து, வெப்பத்தையும் சோற்றையும் விலையாக்கும் உரிமை நமக்கு இல்லை. மணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கணப்பின் தடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். கதகதப்பு அவனுக்கு இலவசமாகவே கிடைக்கட்டும். மணி அதன் அருகில் இருந்து நல்ல பெயர் வாங்கட்டும். பத்தரை மணி வர்க்கியையும் நிறுத்த வேண்டாம்.

கையைப் பிடிப்பது பற்றி: 1958-இல் உளவியலாளர் ஹார்லோ எழுதிய ஆய்வில், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகள், பால் தந்த கம்பிப் பொம்மைத் தாயைவிட்டு, பால் தராத துணிப் பொம்மைத் தாயையே பற்றிக்கொண்டு கிடந்தன. தொடுகையின் இதத்துக்குப் பிறவியிலேயே ஒரு பிடி உண்டு என்பதற்கு அது வலுவான சான்று. எட்டு வயதுப் பிள்ளையிடம் அதன்மேல் எத்தனையோ பழக்கங்கள் படிந்திருக்கும். இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. உங்கள் வேலைக்கு அது தேவையும் இல்லை. அவன் இரண்டு மணி கோக்கும்தோறும் ஒருமுறை அருகில் உட்காருங்கள், தோளைத் தொடுங்கள், அதோடு சேர்த்து ஒரே ஒரு பாராட்டுச் சொல்லைச் சொல்லுங்கள். நாளடைவில் அந்தச் சொல்லும் வலிமை பெறும். டப்பா விழுந்தால் குரலும் வேண்டாம், பார்வையும் வேண்டாம். முதல் சில நாள் வீசுவது முன்னைவிடக் கூடும். வழக்கமாகக் கிடைத்தது நின்றவுடன் அப்படித்தான் ஒரு பொங்கல் பொங்கும். அப்போது மனம் தளர்ந்து ஒருமுறை "கூடாது!" என்றுவிட்டால், அதிகமாக வீசினால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

வர்க்கிக்குப் பதில் வேறு எதை வைப்பது என்பதற்கு, அவன் சும்மா இருக்கும்போது தானாக எதைச் செய்கிறான் என்று பாருங்கள். அடிக்கடி விரும்பிச் செய்யும் செயலை அரிதாகச் செய்யும் செயலுக்குப் பின்னால் வைத்தால் அரிதானது கூடும் என்று உளவியலாளர் பிரமேக் 1959-இல் காட்டினார். நகத்தால் ஒட்டியை மெதுவாக உரிக்கிறான் என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நான் இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன்.

தேயிலைத்தூறல் (கோத்தகிரி) எழுதியது:

இன்று பிள்ளைகள் போன பிறகு பெஞ்சைக் கவிழ்த்துவைத்து எண்ணினேன். காலில் 23 நட்சத்திரங்கள், ஒன்றின்மேல் ஒன்று படாமல், நேர் வரிசையில். பதிவேட்டின்படி அவன் ஈட்டியவை 9 மட்டுமே. மற்ற 14-உம் பிற பிள்ளைகளின் பெயருக்கு நேராக அட்டையில் இருந்தவை. கைக்கெட்டும் உயரத்தில் அட்டையைத் தொங்கவிட்டது நான்தான். மணி கோக்காமலேயே அவனுக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அட்டையை மேலே ஏற்றிவிட்டேன். நாளை முதல் ஒட்டித்தாள் என் பையில் இருக்கும். ஒரு மணி கோத்தவுடன் அவனே ஒன்றை உரித்துக்கொள்ளலாம். பெஞ்சுக் காலை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன், அதில் இன்னும் இடம் இருக்கிறது. பென்சில் டப்பாவுக்குப் பதில் துணிப்பை வாங்கியாயிற்று. விழுந்தாலும் ஓசை வராது.